உணவு வங்கிக்கு எதைக் கொடுப்பது? பெறுபவரின் அடுப்பிலிருந்து தொடங்கும் கணக்கு

உணவு வங்கிக்குக் கொண்டுபோன பையில் பாதியைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள் என்று மனம் நொந்துபோகிறவர்கள் உண்டு. பசித்தவருக்குக் கொடுக்க இத்தனை விதிகளா என்ற கேள்வி நியாயமானதுதான். ஆனால் அந்த விதிகள் ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு காரணம் இருக்கிறது. பெரும்பாலானவை உணவு நச்சு, வீணாகும் வேலை, சமைக்க வழியில்லாத வீடு ஆகிய மூன்றில் ஒன்றோடு தொடர்புடையவை. காரணம் தெரிந்துவிட்டால் பட்டியலை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. கடையில் நிற்கும்போதே எதை எடுப்பது, எதை விடுவது என்று புரிந்துவிடும்.

வங்கி என்ற பெயர் ஏன்?

1967இல் அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில், ஃபீனிக்ஸ் நகரில் ஜான் வான் ஹெங்கல் என்பவர் தொடங்கிய செயின்ட் மேரிஸ் உணவு வங்கிதான் இவ்வகையில் உலகின் முதலாவதாகக் கருதப்படுகிறது. உணவு மிஞ்சியவர்கள் செலுத்தலாம், தேவைப்படுபவர்கள் எடுத்துக்கொள்ளலாம் என்ற எண்ணத்திலிருந்து வந்த பெயர் இது.

இன்று இந்தப் பெயர் இரண்டு வகை அமைப்புகளைக் குறிக்கிறது. ஒன்று, கிடங்கு. கடைகள், ஆலைகள், விவசாயிகளிடமிருந்து மொத்தமாகப் பெற்றுச் சிறிய அமைப்புகளுக்குப் பிரித்து அனுப்பும் இடம். மற்றொன்று, குடும்பங்களுக்கு நேரடியாகப் பொட்டலம் கொடுக்கும் விநியோக மையம். தனிமனிதர் பையோடு போவது பெரும்பாலும் இரண்டாவது வகைக்கு. அங்கே குளிரறை இருக்காது, அலமாரி குறைவு, பிரித்து அடுக்குபவர்கள் தன்னார்வலர்கள். நீங்கள் கொடுக்கும் ஒவ்வொரு பொருளையும் ஒருவர் கையில் எடுத்து, தேதி பார்த்து, உறை பார்த்து, வகைப்படுத்தி வைக்கிறார். சந்தேகம் வந்தால் குப்பைக்குப் போகும். வேறு வழி அவருக்கு இல்லை. அதனால் சந்தேகமே எழாத பொருளைக் கொடுப்பது அவருடைய நேரத்தை மிச்சப்படுத்துகிறது, கொடுத்த பொருளும் வீணாகாது.

முதலில் கேட்க வேண்டியது: அது எப்படிச் சாப்பாடாகும்?

கொடுப்பவர் பெரும்பாலும் தன் சமையலறையை மனத்தில் வைத்துத்தான் வாங்குகிறார். அங்கே அடுப்பு, குக்கர், குளிர்பெட்டி, எண்ணெய், உப்பு, தண்ணீர் எல்லாம் இருக்கின்றன. பெறுபவரிடம் இவற்றில் எது இல்லை என்பதுதான் உண்மையான கேள்வி. எரிவாயுவுக்கோ மின்சாரத்துக்கோ பணம் கட்ட முடியாத வீடு, பொது விடுதி அறை, தங்குமிட முகாம், வண்டியிலேயே இரவு கழிப்பவர் என்று நிலைமைகள் பலவிதம். ஒரு பொருளைக் கையில் எடுத்ததும் அதைத் தட்டுக்குக் கொண்டுவர எவ்வளவு எரிபொருள், எவ்வளவு தண்ணீர், எவ்வளவு நேரம், என்ன பாத்திரம் தேவை என்று பாருங்கள்.

பயறு வகைகளை எடுத்துக்கொள்வோம். உலர்ந்த கொண்டைக்கடலை வெந்தால் எடை இரண்டு மடங்குக்கும் சற்று அதிகமாகும். 500 கிராம் உலர் கடலை ஏறத்தாழ 1.2 கிலோ வெந்த கடலையாகிறது. 400 கிராம் டின் ஒன்றில் நீரை வடித்தால் மிஞ்சுவது சுமார் 240 கிராம். ஆக அரைக்கிலோ உலர் கடலை ஐந்து டின்னுக்குச் சமம். காசுக்கும் எடைக்கும் உலர் கடலையே லாபம். ஆனால் அதை இரவெல்லாம் ஊறவைத்து, குக்கர் இல்லாவிட்டால் ஒரு மணி நேரத்துக்கு மேல் வேகவைக்க வேண்டும். எரிபொருளை எண்ணி எண்ணிச் செலவழிக்கும் வீட்டில் அந்த அரைக்கிலோ அலமாரியிலேயே கிடக்கும். டின் கடலையைத் திறந்ததும் அப்படியே சாப்பிடலாம்.

இரண்டுக்கும் நடுவே ஒரு நல்ல வழி உண்டு: மைசூர் பருப்பு. தோல் நீக்கி உடைத்த இந்தப் பருப்பு ஊறவைக்காமலேயே 15 முதல் 20 நிமிடத்தில் சாதாரணப் பாத்திரத்தில் வெந்துவிடும். உலர் பயறு கொடுக்க நினைப்பவர்கள் முதலில் இதைத்தான் எடுக்க வேண்டும் என்பது எங்கள் கருத்து.

ராஜ்மாவில் கூடுதல் கவனம் தேவை. வேகாத ராஜ்மாவில் லெக்டின் வகை நச்சுப் புரதம் இருக்கிறது. ஐந்து மணி நேரமாவது ஊறவைத்து, அந்த நீரைக் கொட்டிவிட்டு, புது நீரில் குறைந்தது 10 நிமிடம் தளதளவென்று கொதிக்கவிட வேண்டும். சில வழிகாட்டுதல்கள் 30 நிமிடம் என்கின்றன. மெல்லிய சூட்டில் மணிக்கணக்காக வேகவைக்கும் மின்பானையில் நேராகப் போட்டால் நச்சு அழியாது. கடும் வாந்தியும் வயிற்றுப்போக்கும் வரும். அதைச் சமைத்துப் பழகாதவர் கைக்கு இந்தக் குறிப்பு போய்ச் சேரும் என்ற உறுதி இல்லை. ஆகவே டின்னில் வெந்த ராஜ்மாவே பாதுகாப்பானது.

அடுப்பே இல்லாதவர்களுக்கு வேறு பட்டியல் வேண்டும்:

1. இழுத்துத் திறக்கும் வளையமுள்ள டின் மீன், டின் பயறு, டின் காய்கறி. வளையம் இல்லாத டின்னைத் திறக்கக் கருவி வேண்டும். அது எல்லா வீட்டிலும் இருக்காது. மூட்டுவலி உள்ள முதியவருக்குக் கருவி இருந்தும் திறப்பது கடினம். இரண்டு டின் ஒரே விலையில் இருந்தால் வளையமுள்ளதை எடுங்கள்.
2. வேர்க்கடலை வெண்ணெய். 100 கிராமில் சுமார் 25 கிராம் புரதம், நிறையக் கொழுப்பு. சமைக்க வேண்டாம், திறந்த பின்னும் சில வாரங்கள் குளிர்பெட்டி இல்லாமலே இருக்கும்.
3. வெந்நீர் மட்டும் போதும் என்கிற ஓட்ஸ், சூப் பொடி, உடனடி நூடுல்ஸ். கெட்டில் மட்டும் உள்ள அறைக்கு இவை பொருந்தும்.
4. பிஸ்கட், உலர் பழம், கொட்டை வகைகள், சிறிய அட்டைப்பெட்டிப் பால்.

பாலிலும் இதே கணக்குத்தான். மிகை வெப்பத்தில் பதப்படுத்திய பால், திறக்காதவரை மாதக்கணக்கில் வெளியில் இருக்கும். திறந்துவிட்டாலோ அது சாதாரணப் பால்தான். குளிர்பெட்டி இல்லாத வீட்டுக்கு ஒரு லிட்டர் பெட்டியைவிட 200 மில்லி பெட்டிகள் ஐந்து மேல். பால்பொடியும் நல்லது, வேண்டிய அளவு மட்டும் கரைத்துக்கொள்ளலாம்.

பொட்டலத்தில் எது குறைகிறது?

அவசரகால உணவு உதவியில் திட்டமிடலுக்குப் பயன்படும் அளவு, ஒருவருக்கு ஒரு நாளைக்கு 2,100 கிலோகலோரி. அதை எட்ட உலக உணவுத் திட்டம் பயன்படுத்திவரும் ஒரு வழக்கமான பங்கீடு இது: தானியம் 400 கிராம், பயறு 60 கிராம், எண்ணெய் 25 கிராம், சத்துச் சேர்த்த மாவுக் கலவை 50 கிராம், சர்க்கரை 15 கிராம், அயோடின் உப்பு 5 கிராம். நான்கு பேருக்கு மூன்று நாள் என்று பெருக்கினால் தானியம் 4.8 கிலோ, பயறு 720 கிராம், எண்ணெய் 300 கிராம், மாவுக் கலவை 600 கிராம், சர்க்கரை 180 கிராம், உப்பு 60 கிராம்.

உள்ளூர் விநியோக மையம் இந்த விகிதத்தை அப்படியே பின்பற்றாது. குடும்பத்திடம் ஏற்கெனவே இருப்பதற்குத் துணையாகத்தான் அது கொடுக்கிறது. ஆனாலும் ஒன்று தெளிவாகிறது. தானியம் மட்டும் இருந்தால் சமையல் நடக்காது. நன்கொடையாக வருவதில் பாஸ்தா, நூடுல்ஸ், டின் பயறு எளிதில் குவிந்துவிடும். எண்ணெயும் மசாலாவும் பின்தங்கும். ஒரு லிட்டர் எண்ணெயில் சுமார் 8,300 கிலோகலோரி இருக்கிறது. ஒரு கிலோ அரிசியில் ஏறத்தாழ 3,600. வெறும் பாஸ்தாவைக் கொடுத்துவிட்டு அதோடு சேர எதுவும் கொடுக்காவிட்டால் அந்தக் குடும்பம் உப்புத் தண்ணீரில் வெந்த மாவைத்தான் சாப்பிடும்.

ஆகவே தனித்தனிப் பொருளாக எண்ணாமல் ஒரு வேளைச் சாப்பாடாகச் சேர்த்துப் பாருங்கள். அரிசியோடு பருப்பு, எண்ணெய், உப்பு, மஞ்சள்தூள். பாஸ்தாவோடு தக்காளி சாஸ், டின் மீன். ஓட்ஸோடு பால்பொடி, சர்க்கரை.

அளவிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. 25 கிலோ மூட்டை மலிவு என்று வாங்கிக் கொடுத்தால் அதை யார் பிரிப்பது? பிரிக்கத் தூய்மையான இடம், தராசு, புது உறை, புது லேபிள் வேண்டும். பல மையங்களில் இந்த வசதி இல்லை. தானியம் ஒன்று அல்லது இரண்டு கிலோ, பருப்பு 500 கிராம், எண்ணெய் 500 மில்லி அல்லது ஒரு லிட்டர் என்பன எந்தப் பொட்டலத்திலும் அப்படியே வைக்கக்கூடிய அளவுகள்.

தேதி: இரண்டு வேறு விஷயங்கள்

குழப்பம் அதிகம் நேர்வது இங்கேதான். உறையின் மேல் இருக்கும் தேதிகள் இரண்டு வகை. ஐக்கிய நாடுகளின் உணவு விவசாய அமைப்பும் உலக சுகாதார அமைப்பும் சேர்ந்து நடத்தும் கோடெக்ஸ் அலிமென்டேரியஸ் ஆணையம், 2018இல் தன் லேபிள் விதிகளைத் திருத்தியபோது இந்த வேறுபாட்டைத் தெளிவாக வரையறுத்தது.

1. பெஸ்ட் பிஃபோர்: இது தரம் பற்றிய தேதி. அதற்குப் பிறகு மொறுமொறுப்போ மணமோ நிறமோ குறையலாம். சரியாகச் சேமித்திருந்தால் சாப்பிடத் தகுதியற்றதாகிவிடாது.
2. யூஸ் பை, எக்ஸ்பைரி: இது பாதுகாப்பு பற்றிய தேதி. தாண்டினால் விற்கவோ சாப்பிடவோ கூடாது.

முதல் வகைத் தேதி கடந்த பொருளைச் சில உணவு வங்கிகள், குறிப்பாகக் கிடங்கு வகையினர், தங்கள் அட்டவணைப்படி ஒரு காலம்வரை ஏற்றுக்கொள்கின்றன. அந்த முடிவு அவர்களுடையது. கொடுப்பவர் தானே எடுக்கும் முடிவு அல்ல. கேட்காமல் கொடுக்க வேண்டுமானால் தேதி கடந்ததைக் கொடுக்காதீர்கள்.

தேதி கடக்காதது மட்டும் போதுமா என்றால், போதாது. பொருள் உங்கள் கையிலிருந்து சேகரிப்புப் பெட்டிக்கு, அங்கிருந்து பிரிக்கும் மேசைக்கு, அலமாரிக்கு, பொட்டலத்துக்கு, ஒரு வீட்டுக்குப் போக வாரங்கள் ஆகலாம். அந்த வீட்டிலும் அன்றே சமைத்துவிட மாட்டார்கள். டின், உலர் பொருள்களில் ஆறு மாதமாவது மிச்சமிருப்பதை எடுப்பது நல்லது.

சிறிய விஷயமாகத் தோன்றும் இன்னொன்று: 04/05/27 என்று இருந்தால் அது மே மாதம் நான்காம் நாளா, ஏப்ரல் ஐந்தா? வெளிநாட்டுச் சரக்கில் இந்தச் சந்தேகம் வரும். மாதத்தை எழுத்தில் அச்சிட்ட உறையைத் தேர்ந்தெடுத்தால் பிரிப்பவருக்குச் சிரமமில்லை.

தேதி நீண்டிருந்தும் கெடுபவை உண்டு. தவிடு நீக்காத அரிசியிலும் முழுக்கோதுமை மாவிலும் எண்ணெய்ச்சத்து இருப்பதால் சில மாதங்களிலேயே சிக்கு வாடை வந்துவிடும். வெப்பமான கிடங்கில் இன்னும் சீக்கிரம். சத்து அதிகம் என்று இவற்றை வாங்குவதில் தவறில்லை, புதிதாக வந்ததாகப் பார்த்து வாங்க வேண்டும். வெள்ளை அரிசி ஈரம் படாமல் இருந்தால் ஆண்டுக்கணக்கில் இருக்கும். உலர் பயறு கெடாது, ஆனால் ஆண்டுகள் ஆக ஆக இறுகிப்போய், எவ்வளவு கொதித்தாலும் வேகாது, எரிபொருள்தான் வீண்.

டின்னைக் கையில் உருட்டிப் பாருங்கள்

டின் உணவு பல ஆண்டுகள் இருப்பதற்குக் காரணம், காற்றுப் புகாமல் மூடி, உயர் வெப்பத்தில் கிருமி நீக்கியிருப்பது. அந்த மூடல் இருக்கும் இடம் மேல், கீழ் விளிம்பு மடிப்பும் பக்கவாட்டு இணைப்பும். நசுங்கல் அங்கே விழுந்தால் கண்ணுக்குத் தெரியாத இடுக்கு உண்டாகலாம். பிறகு கிருமி உள்ளே போகும்.

பயப்பட வேண்டிய கிருமி கிளாஸ்ட்ரிடியம் பொட்டுலினம். காற்றில்லாத இடத்தில், புளிப்பு குறைந்த உணவில், அதாவது பி.எச். அளவு 4.6க்கு மேல் உள்ள பயறு, சோளம், மீன், இறைச்சி போன்றவற்றில் அது வளர்ந்து, நரம்புகளைச் செயலிழக்கச் செய்யும் நச்சை உண்டாக்கும். உணவில் வாடையோ சுவை மாற்றமோ இல்லாமலும் இந்த நச்சு இருக்கலாம். அதனால்தான் சுவைத்துப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம் என்ற யோசனைக்கு இங்கே இடமே இல்லை.

கீழ்க்கண்டவற்றைக் கொடுக்காதீர்கள், நீங்களும் சாப்பிடாதீர்கள்:

1. மேலோ கீழோ உப்பியிருக்கும் டின். அழுத்தினால் டக்கென்று உள்ளே போய் மீளும் மூடி.
2. விளிம்பிலோ இணைப்பிலோ நசுங்கியது, அல்லது விரல் பதியும் அளவு ஆழமாக நசுங்கியது.
3. கசிவு, பிசுபிசுப்பு.
4. துடைத்தால் போகாத துரு.

உடல் பகுதியில் மேலோட்டமான சிறு நசுங்கல் மட்டும் இருந்தால் பொதுவாகப் பாதகமில்லை. லேபிள் உரிந்த டின் உள்ளே நன்றாகவே இருக்கலாம். என்ன என்று தெரியாததால் அதைக் கொடுக்க முடியாது. தக்காளி, அன்னாசி போன்ற புளிப்பு டின்களின் ஆயுள் ஒன்றரை ஆண்டுக்குள். புளிப்பு குறைந்தவற்றுக்கு இரண்டு முதல் ஐந்து ஆண்டு.

வீட்டில் செய்ததும் பிரித்துக் கட்டியதும் ஏன் கூடாது?

அன்போடு செய்த ஊறுகாயையும் ஜாமையும் மறுப்பது கொடுப்பவரை அவமதிப்பதற்காக அல்ல. சரியான வெப்பத்தில் கிருமி நீக்கப்பட்டதா, புளிப்பு போதுமா என்று வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல முடியாது. மேலே சொன்ன நச்சு வீட்டுப் பாட்டில்களிலும் வரக்கூடியது.

கடையில் வாங்கிய அரிசியையோ மாவையோ தாமே சிறு கவர்களில் பிரித்துக் கட்டிக் கொடுப்பவர்களும் இருக்கிறார்கள். அங்கே தொலைந்துபோவது லேபிள். அதில் மூன்று தகவல்கள் உயிர்காப்பவை: சேர்மானங்கள், தேதி, தொகுதி எண் (பேட்ச் எண்). பாலோ வேர்க்கடலையோ எள்ளோ ஒவ்வாத குழந்தைக்குச் சேர்மானப் பட்டியல்தான் ஒரே காவல். தொகுதி எண் இருந்தால்தான், ஒரு நிறுவனம் குறையுள்ள சரக்கைத் திரும்பப் பெறும்போது அந்தப் பொட்டலம் அதில் சேர்ந்ததா என்று கண்டுபிடிக்க முடியும்.

வண்டு பற்றியும் சொல்ல வேண்டும். அரிசி வண்டு தானியத்துக்கு உள்ளேயே முட்டையிடுகிறது. வெளியில் ஒன்றும் தெரியாது. அலமாரியில் நெடுநாள் கிடந்த ஒரு பையைச் சேர்த்தால் அது பக்கத்து மூட்டைகளுக்கும் பரவும். வீட்டு அலமாரியைக் காலிசெய்யும் நாளை நன்கொடை நாளாக வைத்துக்கொள்ளாதீர்கள். கொடுப்பதற்கென்றே புதிதாக வாங்குங்கள்.

குழந்தைக்கும் நோயாளிக்கும்

கைக்குழந்தைப் பால்மாவை மையத்தைக் கேட்காமல் வாங்காதீர்கள். தாய்ப்பாலுக்கு மாற்றான உணவுகளை விற்பது பற்றி உலக சுகாதார அமைப்பு 1981இல் நெறிமுறை ஒன்றை வகுத்தது. இலவச விநியோகம் தாய்ப்பாலைக் குறைத்துவிடும் என்ற கவலையும், குழந்தைக்குத் தொடர்ந்து அதே மாவு கிடைக்க வேண்டும் என்ற அக்கறையும் இருப்பதால் சில மையங்கள் இதை வாங்குவதில்லை. வாங்கும் மையத்திலும் தேதி கடந்தது கூடவே கூடாது. பால்மாவு கிருமியற்றதல்ல, 70 டிகிரி செல்சியஸுக்குக் குறையாத வெந்நீரில் கரைத்து, ஆறவைத்துக் கொடுக்க வேண்டும். தேன் நல்ல நன்கொடைதான், ஆனால் ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு அதைக் கொடுக்கக் கூடாது. மேலே சொன்ன பொட்டுலினம் கிருமியின் விதைத்துகள்கள் (ஸ்போர்கள்) அதில் இருக்கலாம்.

பெரியவர்களுக்கு உப்பு நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் கீழ் இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார அமைப்பின் பரிந்துரை. டின் சூப்பும் உடனடி நூடுல்ஸும் அதில் பெரும்பங்கை ஒரே வேளையில் கொண்டுவந்துவிடும். இரத்த அழுத்தம் உள்ளவர் உணவு வங்கியை நம்பியிருந்தால் அவருக்கு வேறு தேர்வு இல்லை. கொடுக்கும் நாம்தான் பார்க்க வேண்டும். உப்பு குறைத்தது, நீரில் இட்ட மீன் என்று லேபிள் பார்த்து எடுங்கள். டின் பயறை வடித்து நீரில் அலசினால் உப்பு மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறையும். பழ டின்னில் சர்க்கரைப் பாகுக்குப் பதில் பழச்சாற்றில் இட்டதை எடுத்தால் நீரிழிவு உள்ளவருக்குச் சற்று மேல்.

சைவம் மட்டுமே சாப்பிடுபவர், சமயக் காரணத்தால் சில இறைச்சிகளைத் தவிர்ப்பவர், கோதுமை ஒவ்வாதவர் ஆகியோரும் வரிசையில் நிற்கிறார்கள். மிட்டாயில் ஜெலட்டின், பிஸ்கட்டில் விலங்குக் கொழுப்பு இருக்கலாம். அரிசி, பருப்பு, தாவர எண்ணெய், டின் காய்கறி ஆகியவை ஏறக்குறைய எல்லோருக்கும் ஆகும்.

பணம் கொடுப்பது மேலா?

பல நேரம் ஆம். மொத்த விலையில் வாங்கும் அமைப்புக்கு அதே பணத்தில் அதிகம் கிடைக்கும். குறைந்துபோனதையே பார்த்தும் வாங்கலாம். பொருளாகக் கொடுக்க விரும்பினால் அந்த வாரம் எது தீர்ந்துபோயிருக்கிறது என்று கேட்டு வாங்குவது பணத்துக்கு ஈடான பயனைத் தரும். பண்டிகையை ஒட்டி நன்கொடை குவிந்து, அடுத்த மாதங்களில் அலமாரி காலியாவது வழக்கம். ஒரே நாளில் பெரிய பை கொடுப்பதைவிட மாதந்தோறும் சிறிய பை உதவும். சோப்பு, பற்பசை, சானிட்டரி நாப்கின், குழந்தை டயப்பர் ஆகியவையும் தேவை.

கட்டுவதும் சேர்ப்பதும்

சோப்பையும் துணி துவைக்கும் பொடியையும் உணவோடு ஒரே பெட்டியில் வைக்காதீர்கள். மாவும் தேயிலையும் அந்த வாடையை இழுத்துக்கொள்ளும். கண்ணாடிப் பாட்டிலைத் தவிர்ப்பது மேல். ஒன்று உடைந்தால் சில்லு போயிருக்குமோ என்ற அச்சத்தில் பெட்டி முழுவதையும் கழிக்க வேண்டிவரும். எண்ணெயைத் தனிக் கவரில் போட்டு நிமிர்த்தி வையுங்கள். டின்கள் அடியில், பாக்கெட்டுகள் மேலே. ஒரு பெட்டி 10 கிலோவைத் தாண்ட வேண்டாம்; தூக்குபவர் பெரும்பாலும் வயதான தன்னார்வலர். சீக்கிரம் தேதி முடிவது ஏதாவது இருந்தால் அதைத் தனியாகக் கையில் கொடுத்துச் சொல்லுங்கள்.

திறந்திருக்கும் நேரத்தைக் கேட்டுக்கொண்டு போங்கள். மூடிய கதவின் முன் வைத்துவிட்டு வந்தால் மழையில் நனையும், எலி கடிக்கும். உறை முழுதாக இருந்தாலும், இரவு முழுவதும் யார் கைபட்டது என்று தெரியாத பையை மறுநாள் காலையில் வருபவர் கழித்துவிடத்தான் வேண்டியிருக்கும்.